பூனைக்குப் பூச்சி மருந்து: எதற்கு எது, எது கூடவே கூடாது

பூனை வளர்ப்பவர்கள் அடிக்கடி சொல்லும் புலம்பல் ஒன்று உண்டு. "போன வாரம்தான் பூச்சி மருந்து குடுத்தோம், இன்னும் சொறிஞ்சுக்கிட்டே இருக்கு." என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டால், குடல்புழு மாத்திரை. இதற்கு நேர்மாறாகவும் நடக்கும்: கழுத்தில் சொட்டு மருந்து விட்டாகிவிட்டது, ஆனாலும் வாலுக்கு அடியில் வெள்ளையாக ஏதோ நெளிகிறது, மருந்து போலியோ என்று சந்தேகம் வந்துவிடுகிறது.

பெரும்பாலும் மருந்தில் குறை இருக்காது. நம் பேச்சில் வயிற்றுக்குள் இருப்பதும் பூச்சி, ரோமத்துக்குள் ஓடுவதும் பூச்சி, வயலில் தெளிப்பதும் பூச்சி மருந்து. "பூனைக்குப் பூச்சி மருந்து குடுங்க" என்று கேட்டால் கடைக்காரர் எதை வேண்டுமானாலும் எடுத்து நீட்டலாம், அதில் அவர் மேல் தப்பும் சொல்ல முடியாது. காசு வீணாவதோடு போனால் பரவாயில்லை. நாய்க்கு நல்லபடியாக வேலை செய்யும் சில மருந்துகள் பூனையை ஒரே நாளில் கொன்றுவிடும். அதனால் அடிப்படையிலிருந்தே பார்த்துவிடலாம்.

## யார் யார் இந்தப் "பூச்சி"?

1. தெள்ளு. தெள்ளுப்பூச்சி என்றும் சொல்வார்கள். பழுப்பு நிறம், பக்கவாட்டில் தட்டையான உடம்பு, எள்ளை விடச் சின்னது. ரோமத்துக்குள் வேகமாக ஓடும், வெளியே வந்தால் தாவும். பூனையின் அரிப்புக்கு முதல் சந்தேகம் இதன் மேல்தான்.

2. உண்ணி. தோலில் ஒரே இடத்தில் கடித்துத் தொங்கும், ரத்தம் குடித்து உருண்டையாக ஊதும், தாவாது. நாய்களில் அதிகம், பூனைகளில் குறைவு. பூனை நாள் முழுக்கத் தன்னை நக்கிச் சுத்தம் செய்துகொள்வது அதற்கு ஒரு காரணம். நிறைய வீடுகளில் தெள்ளையும் உண்ணி என்றே சொல்கிறார்கள், அதனால் நாய்க்கு வாங்கிய உண்ணி மருந்தில் கை போய்விடுகிறது. இதன் விபரீதத்தைக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

3. காதுப் பூச்சி. கண்ணுக்குச் சரியாகத் தெரியாத சிற்றுண்ணி. காதுக்குள் காப்பித்தூள் போலக் கறுப்பாக அழுக்கு சேர்ந்து, பூனை தலையை உதறிக்கொண்டே இருந்தால் பெரும்பாலும் இதுதான்.

4. குடல்புழுக்கள். பூனைகளில் முக்கியமாக மூன்று வகை: உருளைப்புழு, கொக்கிப்புழு, நாடாப்புழு. உருளைப்புழு வெந்த சேமியா போல நீளமாக, வாந்தியிலோ மலத்திலோ வரும். கொக்கிப்புழு கண்ணில் படாது, குடல் சுவரைக் கவ்வி ரத்தம் குடிக்கும். நாடாப்புழுவின் துண்டுகள்தான் வாலுக்கு அடியில் அரிசி போல ஒட்டிக்கொண்டிருப்பவை.

இவை எல்லாவற்றையும் ஒரே அடியில் தீர்க்கும் மருந்து என்று நினைத்துப் பலர் வாங்கும் மருந்துகள் உண்மையில் அப்படி இல்லை. ஒவ்வொன்றும் சிலவற்றைக் கொல்லும், சிலவற்றைத் தொடவே தொடாது.

## தெள்ளு குடியிருப்பது பூனை மேல் இல்லை, வீட்டில்

இந்த ஒரு விஷயம் புரிந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். பூனை மேல் ஓடுவது வளர்ந்த தெள்ளு மட்டும். ஒரு பெண் தெள்ளு ரத்தம் குடித்த ஓரிரு நாளில் முட்டையிட ஆரம்பித்து ஒரு நாளைக்கு 40, 50 முட்டை வரை இடும். அந்த முட்டைகள் வழுவழுப்பானவை, ரோமத்தில் ஒட்டாமல் பூனை போகிற இடமெல்லாம் உதிரும்: சோபா இடுக்கு, மெத்தை ஓரம், சுருட்டி வைத்த பாய், நீங்கள் கழற்றிப் போட்ட சட்டை. சில நாளில் பொரித்து வரும் புழு வெளிச்சத்தைக் கண்டால் ஒளிந்து, இருட்டான இடத்தில் தூசியோடு கிடக்கும். அது தின்பது என்ன தெரியுமா? வளர்ந்த தெள்ளின் கழிவைத்தான். பூனை ரத்தம் செரித்துக் காய்ந்து உதிரும் கறுப்புத் தூள் அது, முட்டையோடு சேர்ந்தே கீழே விழுகிறது.

அப்புறம் அந்தப் புழு பிசுபிசுப்பான ஒரு கூட்டைக் கட்டிக்கொள்கிறது, அதன் மேல் தூசி ஒட்டிக்கொள்வதால் கண்ணுக்குத் தெரியாது. இந்தக் கூட்டுக்குள் எந்த மருந்தும் சரியாக நுழையாது. உள்ளே இருக்கும் தெள்ளு மாதக்கணக்கில் காத்திருக்கும், காலடி அதிர்வும் உடல் சூடும் மூச்சுக்காற்றும் பட்டதும் வெளியே தாவும். இரண்டு வாரம் ஊருக்குப் போய்விட்டுக் கதவைத் திறந்து உள்ளே வந்ததும் கணுக்காலில் சுருக்கு சுருக்கென்று கடிப்பது இதனால்தான். ஆள் இல்லாமல் கிடந்த வீட்டில் அத்தனையும் கூட்டுக்குள் காத்திருந்தன.

தெள்ளு பிடித்த ஒரு வீட்டை எடுத்துக்கொண்டால் பூனை மேல் இருப்பது மொத்தத்தில் சுமார் 5 சதவீதம், மீதி 95 சதவீதம் முட்டையும் புழுவும் கூடுமாகத் தரையிலும் படுக்கையிலும் கிடக்கிறது என்பது கால்நடை மருத்துவத்தில் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. முட்டையிலிருந்து தெள்ளு வரை நம் ஊர்ச் சூட்டில் மூன்று வாரம் போதும். சென்னை போன்ற கடலோர ஊர்களில் சூடும் ஈரப்பதமும் வருடம் முழுக்க இருப்பதால் தெள்ளுக்கு ஓய்வுக் காலம் என்று ஒன்று கிடையாது.

இதிலிருந்து ஒரு முக்கியமான விஷயம் வருகிறது. சொட்டு மருந்து விட்ட பத்தாவது நாள் பூனை மேல் இரண்டு தெள்ளைப் பார்த்தால் மருந்து தோற்றுவிட்டது என்று அர்த்தமில்லை, கூட்டிலிருந்து புதிதாக வந்து ஏறியவை அவை, ஏறியபின் சாகும். பதறிப்போய் மறுபடியும் ஒரு டோஸ் விடுவதுதான் ஆபத்து. மாதம் தவறாமல் விட்டு, வீட்டையும் சுத்தம் செய்துகொண்டே வந்தால் முழுசாக ஒழிய இரண்டு மூன்று மாதம் ஆகும், அதுவரை பொறுமை வேண்டும்.

## இருக்கிறதா இல்லையா, எப்படித் தெரிந்துகொள்வது?

பூனை நக்கி நக்கித் தெள்ளை விழுங்கிவிடும், அதனால் பார்த்தால் ஒன்றும் தெரியாமல் இருக்கலாம். ஒரு வெள்ளை டிஷ்யூ பேப்பரைத் தண்ணீரில் நனைத்துக் கீழே விரித்துக்கொள்ளுங்கள். நெருக்கமான பல் உள்ள பேன் சீப்பால் வால் தொடங்கும் இடத்திலிருந்து முதுகு வரையும், கழுத்துக்குப் பின்னாலும் சீவுங்கள். சீப்பில் வரும் கறுப்புத் துகள்களை அந்த ஈரப் பேப்பரில் தட்டி ஒரு நிமிடம் விட்டுப் பாருங்கள். வெறும் மண் என்றால் கறுப்பாகவே இருக்கும். தெள்ளின் கழிவு என்றால் துகளைச் சுற்றிச் செம்பழுப்பாக ஒரு வளையம் பரவும், காய்ந்த ரத்தம் கரைகிறது. ஒரு துகளில் இப்படித் தெரிந்தாலே போதும், தெள்ளு இருக்கிறது.

நாடாப்புழுத் துண்டையும் இப்படியே பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். புதிதாக வந்தது வெள்ளரி விதை அளவில் வெள்ளையாக, மெல்லச் சுருங்கி விரியும். ஒரு மணி நேரம் கழித்துப் பூனை படுத்த துணியில் பார்த்தால் அதுவே காய்ந்து எள் மாதிரி மஞ்சளாகக் கிடக்கும். உருளைப்புழு, கொக்கிப்புழு முட்டைகளை மலப் பரிசோதனையில்தான் பார்க்க முடியும். அரசு கால்நடை மருத்துவமனைகளில் கேட்டால் செய்வார்கள், ஒரு சின்ன டப்பாவில் அன்றைய மலத்தைக் கொண்டுபோனால் போதும்.

## தெள்ளும் நாடாப்புழுவும் கூட்டாளிகள்

வீட்டுப் பூனைகளுக்கு அதிகம் வரும் நாடாப்புழு, தெள்ளு வழியாகத்தான் வருகிறது. அந்த எள் போன்ற துண்டுக்குள் நாடாப்புழு முட்டைகள் இருக்கின்றன. தரையில் கிடக்கும் தெள்ளுப் புழு அதைத் தின்கிறது, வளர்ந்து தெள்ளாகிப் பூனை மேல் ஏறுகிறது, பூனை நக்கும்போது அதை விழுங்குகிறது, குடலில் நாடாப்புழு வளர்கிறது. விழுங்கி சுமார் மூன்று வாரத்தில் மறுபடி அரிசி அரிசியாக வெளியே வர ஆரம்பிக்கும்.

ஆகவே நாடாப்புழு மாத்திரை கொடுத்து, ஒரு மாதத்தில் திரும்ப வந்தால் மாத்திரையைத் திட்டிப் பயனில்லை. அது குடலில் இருந்ததைக் கொன்று தன் வேலையை முடித்துவிட்டது. தெள்ளை விட்டுவைத்ததால் புதிதாகப் பிடித்திருக்கிறது. இரண்டையும் சேர்த்துச் செய்தால்தான் இந்தச் சுற்று நிற்கும். எலி, பல்லி வேட்டையாடும் பூனை என்றால் அந்த வழியாகவும் புழுக்கள் வரும்.

## அட்டையைத் திருப்பி மூலப்பொருளைப் படியுங்கள்

முன்பக்கத்தில் இருக்கும் பூனைப் படத்தையும் பிராண்ட் பெயரையும் விட்டுவிட்டு, பின்பக்கம் சின்ன எழுத்தில் இருக்கும் மூலப்பொருள் பெயரைப் பாருங்கள். எது எதைக் கொல்லும் என்பது அதில்தான் இருக்கிறது.

1. ஃபிப்ரோனில். ஃப்ரண்ட்லைன் போன்ற சொட்டு மருந்துகளில் இருப்பது. தெள்ளு, உண்ணி, பேன். குடல்புழுவுக்கு ஒன்றும் செய்யாது. இதோடு எஸ்-மெத்தோப்ரீன் சேர்ந்த வகை தெள்ளு முட்டையையும் புழுவையும் வளரவிடாமல் தடுக்கும், வீட்டில் தெள்ளு அதிகம் என்றால் அதை எடுப்பது நல்லது. வீட்டில் முயல் இருந்தால் அதற்கு இதை விட்டுவிடாதீர்கள், முயலுக்கு ஃபிப்ரோனில் விஷம்.

2. செலமெக்டின். ரெவல்யூஷன் என்ற பெயரில் பலருக்குத் தெரியும். தெள்ளு, காதுப் பூச்சி, உருளைப்புழு, கொக்கிப்புழு. தோலில் விட்டாலும் உடம்புக்குள் போய் வேலை செய்கிறது. நாடாப்புழுவுக்கு இல்லை. "எல்லாத்துக்கும் சேர்த்து ஒரே மருந்து" என்று இதை நம்பி நாடாப்புழுவை விட்டுவிடுபவர்கள் நிறைய.

3. இமிடாக்ளோப்ரிட். தனியாக இருந்தால் தெள்ளுக்கு. மாக்சிடெக்டினோடு சேர்ந்து வந்தால் காதுப் பூச்சி, உருளைப்புழு, கொக்கிப்புழுவுக்கும். நாடாப்புழுவுக்கு இதுவும் இல்லை.

4. பிராசிகுவான்டெல். நாடாப்புழுவுக்கு இதுதான் மருந்து. உருளைப்புழுவைத் தொடாது.

5. பைரான்டெல். உருளைப்புழு, கொக்கிப்புழு. நாடாப்புழுவைத் தொடாது. அதனால்தான் பூனை மாத்திரைகளில் பிராசிகுவான்டெலும் பைரான்டெலும் ஜோடியாக வருகின்றன. இந்த ஜோடி மாத்திரைகள் பலவற்றில் 4 கிலோ எடைக்கு ஒன்று என்று கணக்கு இருக்கும், உங்கள் அட்டையில் என்ன போட்டிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

6. ஃபென்பெண்டசோல். உருளைப்புழு, கொக்கிப்புழுவுக்குச் சில நாட்கள் தொடர்ந்து கொடுப்பது. தெள்ளு வழியாக வரும் நாடாப்புழுவுக்கு இதை நம்பக் கூடாது.

இதை வைத்துப் பார்த்தால் கணக்கு எளிது. தெள்ளும் நாடாப்புழுவும் இருக்கும் பூனைக்கு முதல் மூன்றில் ஒன்று, கூடவே பிராசிகுவான்டெல். காதையும் சொறிகிறது என்றால் ஃபிப்ரோனிலை விட செலமெக்டின் பொருத்தம். சொட்டு மருந்து இரண்டை ஒரே சமயத்தில் ஒன்றன்மேல் ஒன்று விடுவது மட்டும் டாக்டரைக் கேட்காமல் வேண்டாம்.

## நாய் மருந்து ஏன் பூனையைக் கொல்கிறது?

தயவுசெய்து இந்தப் பகுதியை மட்டுமாவது வீட்டில் எல்லோரும் படியுங்கள்.

நாய்களுக்கான பல சொட்டு மருந்துகளிலும், உண்ணிப் பவுடர், ஸ்ப்ரே, சோப்புகளிலும் பெர்மெத்ரின், சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் போன்றவை இருக்கும். செவ்வந்தி இனப் பூ ஒன்றிலிருந்து எடுத்த பூச்சிக்கொல்லியைப் பார்த்துச் செயற்கையாக உருவாக்கியவை இவை. நாய், மனிதன் உடம்பில் கல்லீரல் இவற்றை உடைத்து வெளியேற்றிவிடும். பூனையின் கல்லீரலில் பல ரசாயனங்களைக் கரையக்கூடியதாக மாற்றி அனுப்பும் ஒரு நொதியின் வேலை மிகக் குறைவு. இறைச்சி மட்டுமே தின்று வந்த விலங்கினத்தில் அதற்கான மரபணு ஒன்று செயலிழந்துவிட்டது. விளைவு, மருந்து வெளியேறாமல் தங்கி நரம்புகளைத் தாக்கும். பாராசிட்டமால் ஒரு மாத்திரையே பூனையைக் கொல்லக்கூடியது என்பதற்கும் இந்தக் குறைதான் காரணம்.

பெயரும் ஏமாற்றும். அட்வான்டேஜ் என்பதில் இமிடாக்ளோப்ரிட் மட்டும், பூனைக்கு ஆகும். அட்வான்டிக்ஸ் என்பதில் அதோடு பெர்மெத்ரின் சேர்ந்திருக்கிறது, நாய்க்கு மட்டும். உச்சரிப்பில் கடைசிப் பகுதிதான் வித்தியாசம், பூனைக்கு அது உயிர் விஷயம். "பெரிய நாய் மருந்து ஒண்ணு வாங்கி நாலா பிரிச்சு விட்டா சீப்பா வரும்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பெர்மெத்ரின் என்றால் நாலில் ஒரு பங்கும் கொல்லும்.

வீட்டில் நாயும் பூனையும் சேர்ந்து இருந்தால், நாய்க்குப் பெர்மெத்ரின் மருந்து விட்டபின் மூன்று நாளாவது இரண்டையும் பிரித்து வையுங்கள். ஒட்டிப் படுத்தாலோ நாயை நக்கினாலோ பூனைக்குப் போய்ச் சேரும். அதை விட, பூனை இருக்கும் வீட்டில் நாய்க்கும் பெர்மெத்ரின் இல்லாத மருந்தையே கேட்டு வாங்குவது நிம்மதி. நாய் உண்ணிக்குத் தண்ணீரில் கலக்கிக் குளிப்பாட்டும் அமிட்ராஸும் பூனைக்குக் கூடாது.

தெரியாமல் விட்டுவிட்டால்:

1. காதும் முகமும் துடிப்பது, எச்சில் வடிவது, நடை தள்ளாடுவது, உடம்பு நடுங்குவது, பிறகு வலிப்பு. சில மணி நேரத்தில் ஆரம்பிக்கலாம், தாமதமாகவும் வரலாம். அறிகுறிக்காகக் காத்திருக்கக் கூடாது.

2. வலிப்பு இல்லை என்றால் உடனே பாத்திரம் கழுவும் திரவ சோப்பும் வெதுவெதுப்பான தண்ணீரும் கொண்டு அந்த இடத்தை நன்றாகக் கழுவுங்கள். சுடுதண்ணீர் வேண்டாம், மருந்து இன்னும் வேகமாக உள்ளே இழுக்கும். கழுவியதும் துவட்டிக் கதகதப்பாக வையுங்கள்.

3. மருந்து அட்டையோடு டாக்டரிடம் ஓடுங்கள். இதற்கு நேரடி மாற்று மருந்து கிடையாது, ஆனால் நடுக்கத்தையும் வலிப்பையும் அடக்கும் மருந்து கொடுத்து இரண்டு மூன்று நாள் தாங்கிப் பிடித்தால் பல பூனைகள் முழுசாகத் தேறிவிடும். சீக்கிரம் போவதில்தான் எல்லாம் இருக்கிறது.

## வீட்டு வைத்தியமும் வீட்டில் மிச்சமான மாத்திரையும்

நம் தோலில் தடவினால் நம் தோலோடு போயிற்று. பூனை மேல் தடவியது எல்லாம் அதன் வயிற்றுக்குப் போகிறது, அரை மணி நேரத்தில் நக்கி முடித்துவிடும். அதனால் கற்பூரம், பாச்சை உருண்டை, டீ ட்ரீ எண்ணெய் எதுவும் அதன் மேலும் படுக்கையிலும் வேண்டாம். பூண்டு புழுவைக் கொல்லும் என்று சோற்றில் கலந்து கொடுப்பவர்கள் இருக்கிறார்கள், பூண்டும் வெங்காயமும் பூனையின் ரத்த சிவப்பணுக்களை உடைத்து ரத்தசோகை உண்டாக்கும். தெள்ளு என்று தரையை ஃபினாயில் போட்டுத் துடைத்து, ஈரம் காயும் முன் பூனையை நடக்கவிடுவதும் ஆபத்து, பாதத்தை நக்கியே உள்ளே போகும்.

இன்னொன்று, தேசிய குடற்புழு நீக்க நாளில் பள்ளியில் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் அல்பெண்டசோல். 400 மில்லிகிராம் மாத்திரை அது, ஒரு பிள்ளைக்கான அளவு. அதை 4 கிலோ பூனைக்குக் கொடுத்தால் கிலோவுக்கு 100 மில்லிகிராம் ஆகிறது. பூனைகளில் அல்பெண்டசோல் எலும்பு மஜ்ஜையைப் பாதிக்கும் என்பது தெரிந்த விஷயம். மாட்டுக்குப் போடும் ஐவர்மெக்டின் ஊசி மருந்தைத் தோராயமாக அளந்து குட்டிக்குப் போடுவதும் இதே ரகம், ஒரு சொட்டு கூடினாலும் அந்த உடம்புக்கு அது பல மடங்கு.

## குட்டிகளின் கணக்கே வேறு

குட்டிக்கு மொத்த ரத்தமே கொஞ்சம்தான். தெள்ளு நிறைய இருந்தால் ரத்தசோகையிலேயே செத்துவிடும். உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள், இளஞ்சிவப்பாக இல்லாமல் வெளுத்திருந்தால் அன்றே டாக்டரிடம் காட்ட வேண்டும். பெரும்பாலான சொட்டு மருந்துகளுக்குச் சுமார் 8 வாரம் என்ற வயது வரம்பு உண்டு, அதற்கு முன் கையில் இருக்கும் நல்ல ஆயுதம் சீப்புதான். பக்கத்தில் சோப்புத் தண்ணீர் ஒரு கிண்ணத்தில் வைத்துக்கொண்டு, சீவி வருவதை அதில் முக்குங்கள், வெறும் தண்ணீரில் தெள்ளு மிதந்து தப்பிவிடும். தினமும் இரண்டு வேளை செய்யுங்கள். தாய்ப்பூனைக்குப் பாலூட்டும்போது விடலாம் என்று அனுமதி உள்ள மருந்தை டாக்டரிடம் கேட்டு விடுங்கள், இல்லாவிட்டால் சீவச் சீவ ஏறிக்கொண்டே இருக்கும்.

உருளைப்புழு தாய்ப்பால் வழியாகவே குட்டிக்கு வரலாம். அதனால் 3 வாரத்தில் ஆரம்பித்து, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, பால் மறந்து இரண்டு வாரம் ஆகும்வரை, பிறகு 6 மாதம்வரை மாதம் ஒருமுறை புழு மருந்து என்பது வழக்கமான அட்டவணை. வளர்ந்தபின் வெளியே போகாத பூனைக்கு வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை போதும். ஊர் சுற்றி எலி பிடிக்கும் பூனை என்றால் மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது வேண்டும். சின்னப் பிள்ளைகள் மண்ணில் விளையாடும் வீட்டில் இதைத் தள்ளிப்போடாதீர்கள், உருளைப்புழுவின் முட்டை வாய்வழி போனால் மனித உடம்பிலும் அதன் இளம்புழு அலையும், அபூர்வமாகக் கண்ணைக்கூடப் பாதிக்கும்.

## விடும் முறையும் வீட்டு வேலையும்

1. முதலில் எடை. பூனையைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் நின்று, பிறகு நீங்கள் மட்டும் நின்று கழித்துக்கொள்ளுங்கள்.

2. சொட்டு மருந்தைக் கழுத்தின் பின்பக்கம், மண்டை ஓடு முடியும் இடத்தில், ரோமத்தை இரண்டாக வகிர்ந்து தோல் தெரியும் இடத்தில் விட வேண்டும், நாக்கு எட்டாத இடம் அதுதான். ரோமத்தின் மேலேயே விட்டால் பாதி வீண். தப்பித்தவறி நக்கிவிட்டால் கசப்பில் நுரை நுரையாக எச்சில் விடும், பூனைக்கென்றே வந்த மருந்தாக இருந்தால் பெரும்பாலும் கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும், தண்ணீர் கொடுங்கள்.

3. ஃபிப்ரோனில் என்றால் விடுவதற்கு இரண்டு நாள் முன்னும் பின்னும் குளிப்பாட்ட வேண்டாம்.

4. வீட்டில் இருக்கும் எல்லாப் பூனைகளுக்கும் ஒரே நாளில் விடுங்கள். ஒன்றை விட்டுவிட்டால் அதிலிருந்து எல்லாம் திரும்ப வரும்.

5. படுக்கைத் துணிகளை வாரம் ஒருமுறை சுடுதண்ணீரில் துவைத்து, பாயையும் மெத்தையையும் மொட்டை மாடி வெயிலில் போடுங்கள். தெள்ளுப் புழு ஈரப்பதம் இல்லாமல் காய்ந்து செத்துவிடும். வேக்குவம் கிளீனர் இருந்தால் சோபா இடுக்கெல்லாம் இழுத்து, பையை அன்றே வெளியே கொட்டுங்கள்.

டாக்டரிடம் போகும்போது "பூச்சி மருந்து வேணும்" என்பதற்குப் பதிலாக, பூனையின் வயது, எடை, சினையா, வீட்டில் நாய் உண்டா, வெளியே போகுமா, ஈரப் பேப்பரில் என்ன பார்த்தீர்கள், கடைசியாக என்ன மருந்து எந்தத் தேதியில் என்று சொல்லுங்கள். பழைய அட்டையைத் தூக்கிப் போடாமல் போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டால் அந்தக் கடைசிக் கேள்விக்கு யோசிக்கவே வேண்டியதில்லை.